ஒத்திகைக்கு அடித்த மணி

நாளை மறுநாளிலிருந்து இந்த முனையத்தின் சாவிக்கொத்து உங்கள் இருவரிடமும் இருக்கும். விமானத்தை எப்படித் துடைப்பது, துணி இறக்கையில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, பழைய ரேடியோப் பெட்டியை எந்த மாதத்தில் திறந்து காற்றாட விடுவது என்பதெல்லாம் பட்டியல்களாக அலமாரியில் இருக்கின்றன. எந்தப் பட்டியல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைக் காட்டியபோது நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். பரவாயில்லை. உங்களுக்கு முன்னால் சிரித்தவர்கள் நிறையப் பேர். நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூட சோறு, குழம்பு, ரசம் என்று எழுதிவைத்து டிக் அடிப்பதாகக் காதர் அண்ணாச்சி கோவில்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். ரசத்தை நான் எழுதுவதில்லை.

பணி அனுபவம் சொல்வதற்கு முடி நரைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆனால் இங்கே என் வேலை முடிந்துவிட்டது, பெங்களூருக்குப் போகிறேன், போவதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு இந்தக் கோடையிலேயே சிக்கல் வரும். இதைப் பட்டியலாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஆகவே இப்படி.

நீங்கள் வெளியூர் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த முனையத்தில் விமானங்கள் வந்துபோனது உங்கள் தாத்தா காலத்தில். பிறகு விமானங்கள் நின்றுபோயின, கட்டடம் மட்டும் கரிசல் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து குழு அமைத்து அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கினார்கள். குழுவின் பொருளாளர்தான் காதர் அண்ணாச்சி. கோவில்பட்டியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தால் அதன் அளவைச் சொல்லாமல் கீழே வைக்க மாட்டார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை விமானத்தில் போயிருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் விமானத்தைத் தரையில் பார்ப்பதென்றால் அவருக்கு உயிர்.

விமானப் பொறியியல் படித்த ஆள் வேண்டும் என்று குழு தேடியபோது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். "பிளேன் பறக்காத எடத்துல பிளேன் இன்ஜினியருக்கு என்னட்டி வேலை?" என்று என் அம்மா கேட்டாள். இன்றுவரை அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் கோவில்பட்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். மிளகாய் வத்தலைப் பலசரக்குக் கடையில் பொட்டலமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உதவிக்குப் பொன்ராஜ். நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். மணியாச்சியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ரயில் பெட்டிகளுக்கு மின்வேலை பார்த்தவர். விமானத்தை அவர் 'பெட்டி' என்றுதான் சொல்வார். "பெட்டிய இன்னைக்கு எந்தப் பிளாட்பாரத்துல போட, மேடம்?" என்று காலையில் கேட்பார். முதலில் திருத்தினேன். பிறகு நானே ஒருநாள் குழுக்கூட்டத்தில் 'பெட்டி' என்று சொல்லிவிட்டேன். அன்றோடு திருத்துவதை நிறுத்தினேன்.

இனி அந்தப் பெட்டி. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரக்கூடிய பயிற்சி விமானம், மரச் சட்டத்தின் மேல் துணி இழுத்துப் பூச்சு பூசிய இறக்கை. தொலைவிலுள்ள ஒரு ஃபிளையிங் கிளப்பின் பெரியவர், பழைய விமானி, அதைக் கடனாகக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது ஒரே நிபந்தனை வைத்தார். துணி பழையது, பூச்சு வெடித்திருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்கினால் சட்டம் கெட்டுப்போகும். திறப்பு விழாவுக்கு அவரே நேரில் வருவார், இறக்கையைச் சோதிப்பார். நனைந்த தடம் தெரிந்தால் விமானம் அவரோடு திரும்பிப் போகும். அது போனால் நம்மிடம் மிஞ்சுவது புகைப்படங்கள், ரேடியோப் பெட்டி, பயணிகளை நிறுத்துப் பார்த்த தராசு, ஒரு மணி.

அந்த மணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முன்வராந்தாவில் தொங்குகிறதே, அந்த வெண்கல மணி. விமானம் வரும்போது பயணிகளைக் கூப்பிடவும், ஓடுதளத்தில் மேயும் மாடுகளை விரட்டவும் அடித்தார்களாம். பழுதுபார்க்கும்போது கழற்றிப் புளி போட்டு விளக்கி, பழைய இடத்திலேயே மாட்டினோம். பதிவேட்டில் நான் எழுதியது இப்படி: 'விமான வருகை மணி. நிலை: நன்று. பயன்பாட்டில் இல்லை. கயிறு பிற்காலத்தது.'

கயிறு பிற்காலத்தது என்று எழுதினேன் பாருங்கள். விமானம் வராத இடத்தில், ஆளில்லாத கட்டடத்தில், மணிக்கு யார் புதுக் கயிறு கட்டியிருப்பார்கள் என்று ஒரு பொறியாளர் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் கயிற்றின் தடிமனை அளந்து குறித்துக்கொண்டேன்.

நாங்கள் வேலை தொடங்கியது ஐப்பசியில். மாசிவரை ஓடுதளம் சும்மா கிடந்தது. பங்குனி பிறந்ததும் ஒரு காலையில் வந்து பார்த்தால் ஓடுதளம் சிவப்பாக இருந்தது. குண்டு வத்தல். சுற்றியிருந்த காடுகளில், அதாவது விளைநிலங்களில், பறித்த மிளகாய்ப் பழம் முழுவதையும் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் பரப்பியிருந்தார்கள். விசாரித்ததில், விமானம் நின்ற காலத்திலிருந்தே கோடையில் அது அவர்களுடைய களம் என்று தெரிந்தது. காயப்போடுபவர்களில் பெரிய குரல் சண்முகத்தாய் அக்காவுடையது. சொந்தக் காட்டில் மிளகாய் போடும் விவசாயி வீட்டுப் பெண்; இங்கே சம்சாரி என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர். சாதாரணமாகப் பேசினாலே ஓடுதளத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். முனையத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் விழாவுக்காக விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"விட்டுத்தாரோம்மா. உங்க பிளேனு நிக்கட்டும். எங்க வத்தலு ஒண்ணும் எந்திரிச்சு வந்து அதக் கடிக்காது" என்றார். என் பட்டியலில் அந்த வரிக்கு டிக் அடித்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு காதர் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. சிறப்பு விருந்தினராக வரும் பெரிய அதிகாரி காரிலிருந்து இறங்கியதும் மணி ஒலிக்க வேண்டும், அதே நொடியில் பொன்ராஜ் கூடத்தின் பெரிய மடக்குக் கதவைத் திறக்க வேண்டும், உள்ளே விமானம் தெரிய வேண்டும்.

"பிளேன் இப்பத்தான் வந்து எறங்குன மாதிரி இருக்கணும்மா. ஒரு ஒத்திகை பாத்துருவோம்" என்றார்.

நல்ல வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அருமையான நாதம். கூரையிலிருந்த காக்கைகள் கிளம்பின. பொன்ராஜ் கதவைத் திறந்தார். அண்ணாச்சி அதிகாரியைப் போல நடந்து வந்தார். இன்னும் கொஞ்சம் நீட்டி அடிக்கலாமே என்று சொன்னார், நீட்டி அடித்தேன்.

முதலில் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு ஓடுதளம் முழுக்க ஆட்கள். காட்டில் நின்றவர்கள், மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், ஊருக்குள்ளிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். வாரியலால் கூட்டி, ஓலைப்பெட்டியில் அள்ளி, சாக்கில் கொட்டி, தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். விழாவுக்குப் போட்டிருந்த நாற்காலிகளை ஒருவர் காலால் நகர்த்தினார். விமானத்தின் மூக்குக்கு அடியில் முதல் சாக்கு இறங்கியது. நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

சண்முகத்தாய் அக்கா மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றார்.

"மோடம் எங்க?"

மோடம் என்றால் மழை மேகம். அதுகூட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "எந்த மோடம்க்கா?"

"மணி அடிச்சியள்லா?"

"அது விழாவுக்கு அடிச்சதுக்கா."

"விழாவுக்கா? மணி அடிச்சா மழலா!"

அங்கேயே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஓடுதளத்தில் வத்தல் கிடக்கும் நாட்களில் மேகத்தை முதலில் பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஓடிவந்து அந்த மணியை அடிப்பார். கேட்டவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்து அள்ளுவார்கள். யாருடைய வத்தல் என்று பார்ப்பதில்லை. எல்லாம் கூடத்துக்குள் போகும், மழை விட்டதும் பிரித்துக்கொள்வார்கள். நனைந்த வத்தல் நிறம் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும். அதை வாங்க ஆளிருக்காது. ஆண்டு முழுக்கப் பாடுபட்டது ஒரு சாயங்காலத்தில் போய்விடும். கயிறு இற்றுப்போனால் அவர்களே புதுசு கட்டுவார்கள்.

"இத ஏன் எங்ககிட்ட முன்னாலயே சொல்லல?" என்று கேட்டேன்.

"மணிய வெளக்கிப் பழைய எடத்துலயே மாட்டுனியளே, எங்களுக்காகத்தான் மாட்டுதியன்னு நெனைச்சோம். நல்ல பிள்ளைன்னு பேசிக்கிட்டோம்."

பொன்ராஜ் இடையில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தார். "ஒத்திகைக்கா, ஒத்திகை. நாளக்கழிச்சு அடிக்கப்போறத இன்னைக்குப் பொய்யா ஒருக்க அடிச்சுப் பாக்கது."

அக்கா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மணியப் பொய்யா அடிச்சியளா? எங்கூர்ல குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கவன்கூட அந்த மணியப் பொய்யா அடிக்க மாட்டான்."

காதர் அண்ணாச்சி அதற்குள் ஒரு சாக்கின் பின்னால் போய் நின்றுகொண்டார். வத்தலைத் திரும்பப் பரப்ப அன்று பொழுது போய்விட்டது. நானும் பரப்பினேன். அதற்குப் பிறகு அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். அந்தப் பாடத்துக்குத் தனிப் பட்டியல் தேவையில்லை, ஒருமுறையே போதும்.

எதையாவது 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதும்போது, யாருடைய பயன்பாட்டில் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் புத்திமதி என்று இருப்பது இவ்வளவுதான். மீதி இதைவிடச் சுவையானது.

மறுநாள், அதாவது விழாவுக்கு முந்தின நாள், முனையத்தின் பெயர்ப்பலகை பின்னால் தெரிய விமானத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. கூடத்துக் கதவுக்கும் வெளியே இருக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் நடுவில் அப்போது ஒரு மண் பட்டை இருந்தது. கேபிள் பதிக்கத் தோண்டி, கரிசல் மண்ணைப் போட்டு மூடியது. விழா முடிந்ததும் சிமெண்டு போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் பலகை போட்டு, வேலையாட்களோடு சேர்ந்து விமானத்தை அந்த மண்ணைத் தாண்டி வெளியே உருட்டினோம். பிறகு மேடை போட்டவர்கள் அந்தப் பலகைகளை எடுத்து மேடையில் அடித்துவிட்டு டவுனுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். படம் எடுப்பவர் இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிற்பகலில் வழக்கம்போலக் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசியது. காற்றின் திசை காட்ட நாம் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பை மேற்கே பார்த்து நீண்டிருந்தது. ஊரில் அதற்குச் சட்டைக்கை என்று பெயர். திடீரென்று அது தொங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு ஒரு உதறு உதறி, அப்படியே திரும்பிக் கிழக்கே நீண்டது. மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று. கழுகுமலைப் பக்கம் வானத்தின் அடிப்பகுதி மட்டும் கறுத்திருந்தது. போனில் பார்த்தேன்: மழைக்கு வாய்ப்புக் குறைவு. போனை உறைக்குள் போட்டேன். கோடை இடி மழை வருவதற்கு முன்னால் அதன் காற்று வந்துவிடும். நான் படித்ததில் இந்த ஊருக்கு நேராகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

வெளியே அண்ணாச்சி, பொன்ராஜ், நான் என்று மூன்று பேர்தான். காற்றில் தூக்கியடிக்காமல் இருக்க இரண்டு இறக்கை நுனியிலும் ஆள் நிற்க வேண்டும். பலகை இல்லாமல் பொதபொதவென்ற மண்ணில் சக்கரத்தைத் தாண்டவைக்க இன்னும் ஆறேழு பேர் வேண்டும். மண் நனைந்துவிட்டாலோ யாராலும் முடியாது. கரிசல் ஈரமானால் சக்கரத்தில் அப்பி, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். முதல் துளிக்கு முன்னால் ஆள் வேண்டும்.

ஓடிப்போய் மணி அடித்தேன். நேற்றைப் போலவே அருமையான நாதம்.

ஓடுதளத்தின் அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தின் அடர்த்தியில் அவர்களுக்கு மேற்கு வானம் தெரியவில்லை. ஒருத்தர் கையை ஆட்டினார். நானும் பதிலுக்குக் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். எல்லோரும் சேர்ந்து கையை ஆட்டினார்கள். சண்முகத்தாய் அக்காவின் குரல் வந்தது:

"அடி, அடி! நல்லா அடி! நாளைக்கு ஆபீஸர் வாறப்ப கை வலிக்காம இருக்கும்!"

சிரிப்பு.

"அக்கா, மழ வருது! நெசமாத்தான்!"

"நேத்தும் நெசமாத்தான் அடிச்ச!"

காதர் அண்ணாச்சி ஒரு இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று அதைத் தூக்கும்போது அவரும் சேர்ந்து நுனிக்காலில் எழும்பினார். "பொறியாளரம்மா! என்னையும் சேத்துப் பறக்க வைக்கப்போவுது! பாய எடுத்துப் போத்துங்கம்மா!"

பாய் என்றது விமானத்துக்காக வாங்கியிருந்த பெரிய தார்ப்பாய். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தக் காற்றில் அதை விமானத்தின் மேல் போட்டால் பாய்மரம் கட்டினதுபோல ஆகிவிடும். ஒன்று விமானம் புரளும், இல்லாவிட்டால் பாய் அடித்து அடித்துத் துணியைக் கிழிக்கும். விமானத்துக்கு அந்த நிமிடத்தில் அதைவிட மோசமான பொருள் வேறில்லை. ஆனால் தரையில் குவித்த வத்தலுக்கு அதைவிட நல்ல பொருளும் இல்லை.

தார்ப்பாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடுதளத்தை நோக்கி ஓடினேன்.

"எம்மா! அது பிளேனுக்கு வாங்குனதும்மா! எங்க கொண்டு போறிய?" அண்ணாச்சி கத்தினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட முதல் பரப்பை வாரியலால் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தேன். கூட்டத் தெரியாமல் கூட்டினேன். பாதி வத்தல் என் செருப்புக்குள் போனது. சண்முகத்தாய் அக்கா மரத்தடியில் எழுந்து நின்றார்.

"ஏ, இங்கன பாருங்கட்டி! பிளேன மூடுத பாய வத்தலுக்குக் கொண்டாருது!" முந்தானையை இழுத்துச் செருகினார். "அப்ப நெசந்தான்!"

பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேற்று வந்ததைவிட வேகமாக வந்தார்கள். கூட்டி, ஓடுதளத்தின் நடுவில் ஒரே குவியலாக்கினார்கள். பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள். பாய்க்குள் அடங்காத மீதியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு கூடத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா, மொதல்ல விமானம். அப்புறம் சாக்கு."

சண்முகத்தாய் அக்காவின் தலையில் சாக்கு. முகம் மாறியது. "எங்களக் கூப்பிட்டது இதுக்குத்தானா?"

"இதுக்கும்தான். கேளுங்க. மண்ணு நனைஞ்சா சக்கரம் ஏறாது. காலு ஏறும். சாக்க ஈரத்துல தூக்கிட்டு வந்துரலாம், இத வர வைக்க முடியாது. இது உள்ள போனதும் கூடம் முழுக்க உங்களுக்கு. நாளைக்கு விழா இருந்தாலும் வத்தல் அங்கனதான் கெடக்கும்."

"ஆபீஸர் வருவாரே?"

"வரட்டும்."

மேற்கே முதல் இடி. அக்கா சாக்கைச் சிமெண்டுத் தளத்தில் இறக்கினார். "எங்கன பிடிக்கணும், சொல்லு."

துணி இறக்கையில் கை வைக்கக் கூடாத இடங்களில் நான் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தேன். பதற்றத்தில் கத்தினேன்: "சிவப்பத் தொடாதீங்க! யாரும் சிவப்பத் தொடாதீங்க!"

சாக்கோடு பின்னால் வந்துகொண்டிருந்த நாலைந்து பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தர் சாக்கைக் கீழேயே போட்டுவிட்டார். "தொடாம எப்பிடித்தா அள்ளுறது?"

"வத்தல இல்லக்கா, தாள! தாள!"

அந்த நேரத்திலும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பொன்ராஜ் வால் பக்கம் நின்று ரயில் நிலையத்தில் கத்துவதுபோல, "பெட்டி வருது, பெட்டி வருது, ஓரம்!" என்று கத்தினார். சக்கரம் மண்ணில் இறங்கி நின்றது. "தள்ளுங்கட்டி, சோறு திங்கலியா!" என்றார் அக்கா. சக்கரம் ஏறியது. வால் பகுதி கதவைத் தாண்டவும் தகரக் கூரையில் முதல் துளிகள் விழவும் சரியாக இருந்தது. காதர் அண்ணாச்சி இறக்கை நுனியை விடாமல் உள்ளேவரை வந்துவிட்டார். உள்ளே வந்த பிறகும் விடவில்லை. நான் போய் விரலை எடுத்துவிட்டேன்.

பிறகு சாக்குகள். கொட்டும் மழையில் கரிசல் சேற்றை மிதித்துக்கொண்டு, தலைச்சுமையாக. நானும் தூக்கினேன். சிலது மேலாக நனைந்தது, பெரும்பாலானது தப்பியது. நனைந்ததை உடனே கூடத்துத் தரையில், இறக்கைக்கு அடியிலேயே பரப்பினோம். நாற்காலிகளை அடுக்கி மூலையில் தள்ளினோம். மணியைப் பொய்யாக மட்டுமல்ல, உண்மையாகவும் அடிப்போம் என்று பொன்ராஜ் அக்காவிடம் சொன்னார். அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்து அவர் மேலேயே உதறினார்.

விமானத்தை விட்டுக்கொடுத்து வத்தலைக் காப்பாற்றினேன் என்று இந்த ஊரில் உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அது தியாகமில்லை, காற்றுக் கணக்கு. பாயை விமானத்தின் மேல் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று படம் வரைந்துகூட விளக்கியிருக்கிறேன். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் அதே கதையைச் சொல்கிறார்கள்.

மறுநாள் விழா. சேறு காயவில்லை, வத்தலை வெளியே எடுக்க வழியில்லை. அதிகாரி உள்ளே வந்து, சிவப்புக் கம்பளம் விரித்திருப்பதாக நினைத்துக் காலை எடுத்து வைத்தார். பொன்ராஜ் தோளைப் பிடித்து நிறுத்தினார். அதிகாரி நாடா வெட்டும்போது தும்மினார். பேச்சைத் தொடங்கும்போது தும்மினார். பேச்சு சுருக்கமாக முடிந்தது. அப்படி ஒரு நன்மை.

எனக்கு அதிகாரி முக்கியமில்லை. விமானம் கொடுத்த பெரியவர்தான் முக்கியம். அவர் நேராக இறக்கையின் அடியில் குனிந்து போனார். மேல்புறம், கீழ்ப்புறம், சட்டம் சேரும் இடம் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். நனைந்த தடம் எங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் விரல் நின்ற இடமெல்லாம் நானும் குனிந்து பார்த்தேன். வால்வரை போய்விட்டு நிமிர்ந்தார். பிறகு அந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணீர் கொட்டியது. அவர் கர்ச்சீப்பை எடுக்க, எல்லா போன்களும் படம் எடுத்தன. மறுநாள் உள்ளூர்ச் செய்தியில், தான் பறந்த விமானத்தைக் கண்டு மூத்த விமானி கண்கலங்கினார் என்று வந்தது. காதர் அண்ணாச்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கழற்றிவிடாதீர்கள்.

கண்ணைக் கழுவிவிட்டு வந்து பெரியவர் கேட்டார்: "இதைத் தள்ளியது யார்?"

யாரும் வாய் திறப்பதற்குள் சண்முகத்தாய் அக்கா முன்னால் வந்தார். "நாங்கதான்யா. தாள் ஒட்டுன எடத்துல கை வைக்கல."

"நல்லது. எங்கள் கொட்டகையில் எலி துணியைக் கடிக்கிறது. இங்கே கடித்த தடமே இல்லை."

"வத்தல் கெடக்க எடத்துல எலி எப்பிடிய்யா வரும்?"

அவர் சிரித்தார். விமானத்தை இன்னும் எத்தனை மாதம் இங்கே விட்டுவைப்பார் என்று நாங்கள் கேட்பதாக இருந்த பேச்சு வரவே இல்லை. இங்கேயே நிற்கட்டும் என்றார், அவ்வளவுதான். புறப்படும்போது விமானத்தை விட்டுவிட்டு ஒரு சாக்கு வத்தலை ஏற்றிக்கொண்டு போனார். அக்கா கொடுத்தது.

இதற்குப் பிறகு மணிக்குக் கீழே இருக்கும் விளக்க அட்டையை 'பயன்பாட்டில் உள்ளது' என்று மாற்றி எழுதினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மணி அடித்துப் பார்க்கக் கேட்பார்கள். மார்கழியில் என்றால் அடிக்க விடுங்கள். பங்குனி, சித்திரையில் விடாதீர்கள். கெஞ்சினாலும், ஆசிரியர் சிபாரிசு செய்தாலும் விடாதீர்கள். மண் பட்டையில் சிமெண்டு போட்டாகிவிட்டது. ஆனாலும் கதவுப் பக்கம் கூடத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கட்டும். எதற்கு என்று இனி கேட்க மாட்டீர்கள்.

இன்னொரு விஷயம். ஊர் இந்தக் கதையிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டது. இப்போது மேகத்தைப் பார்த்து யார் மணி அடித்தாலும், அடித்து முடித்ததும் ஒன்றைச் சேர்த்துக் கத்துகிறார்கள். போன வாரம் நான் மாடியிலுள்ள கண்ணாடி அறையில் உங்களுக்காகக் கடைசிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எனக்கு வழியனுப்பு விழா என்று கீழே தேநீருக்கு ஏற்பாடு செய்திருந்தார். மணி அடித்தது. விழாவுக்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக இறங்கப் போனேன். அப்போது வராந்தாவிலிருந்து சண்முகத்தாய் அக்காவின் குரல் வந்தது:

"ஏட்டி இன்ஜினியரு! ஒத்திகை இல்லட்டி!"

பேனாவை மூடக்கூட இல்லை. ஓடினேன்.